ஏழாவது தண்ணீர்

அந்தத் தேத்தண்ணி கொஞ்சம் ஆறட்டும், சேர். நான் எதையும் ஆறவைத்துத்தான் குடிக்கிறவன். சூடாக இருந்தால் உறிஞ்சி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, ருசி பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஆறிவிட்டால் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். என் வீட்டுக்காரி இதை மாட்டுக் குடி என்பாள். நீங்கள் எழுதத் தொடங்குங்கள், அதற்குள் ஆறிவிடும்.

பெயர் மக்பூல். வயது நாற்பத்தொன்பது. பிறந்தது மன்னார்ப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் ஊரை விட்டு எழும்பச் சொன்னார்கள், எழும்பி வந்தோம். இப்போது புத்தளப் பக்கம் ஆலங்குடா. தொழில் என்ற இடத்தில் எதைப் போடுவீர்களோ தெரியாது. கம்பனிக்காரர் தந்த பித்தளைத் தகட்டில் 'முன்னோடி மூலிகை வேர்ப் பதனீட்டாளர்' என்று இருக்கிறது. கொட்டில் போட்டு வேர் கழுவுகிறதால் ஊரில் வேர் வாடிக்காரன் என்பார்கள். இரண்டாவதையே எழுதுங்கள், இடம் மிச்சம்.

நானாகவே வந்து சொல்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வாடியில் வேலை செய்த ஸுஹைராவின் மகள் நஸ்ஹா நேற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு இங்கே பொலிசுக்கு வந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் முன்னால் வந்துவிட்டதால் நான் பின்னால் வந்தது போலத் தெரிகிறது. வரிசையில் நிற்கும்போது அப்படித்தான்.

முதலில் வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றதெல்லாம் என்னை ஒரு கெட்ட மனுசன் மாதிரிக் காட்டும்.

செங்கொடிவேலி, பார்க்க அடக்கமான செடி. இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். வேருக்குள் நெருப்பு. பச்சை வேரைத் தட்டித் தோலில் வைத்தால் கொதிதண்ணீர் பட்ட மாதிரிக் கொப்பளிக்கும். சுத்தி செய்துவிட்டால் அதே வேர் வாதத்துக்கும் மூலத்துக்கும் செமியாக் குணத்துக்கும் மருந்து. தோண்டக் காலம் இருக்கிறது. மழை முடிந்த கையோடு தோண்டினால் வேர் தண்ணீர் குடித்து ஊதிப்போயிருக்கும். தடிப்பாக, கம்பீரமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல். கூட்டங்களில் முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று முறுகி, இலை சுருண்டு, செடி தன் உயிரையெல்லாம் கீழே இறக்கி வைத்துக்கொள்கிற ஜூலை, ஓகஸ்டில் தோண்ட வேண்டும். மூன்று வருடம் மண்ணுக்குள் கிடந்த வேர் அந்த நேரத்தில் வெளியே வந்தால் அதன் காரம் உச்சத்தில் இருக்கும்.

பிறகு சுத்தி. மண் போகக் கழுவி, விரல் நீளத்துக்கு வெட்டி, சிப்பிச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவோம். முதல் தண்ணீர் ஆட்டு இரத்தம் மாதிரிச் சிவக்கும். அதை ஊற்றிவிட்டு அடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர். சிவப்பு ரோசாவாகி, ரோசா வெளுத்து, ஏழாவது தண்ணீரில் நிறம் ஏறாது. அதன் பின் நிழலில் உலர்த்தல். ஒரு தடவை ஒரு கழுதை வேலியால் நுழைந்து முதல் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துவிட்டது. அதற்குப் பிறகு வாயை மூட முடியாமல் ஐந்து நாள் நின்றது, கையில் மைக் கிடைத்தவர் மாதிரி. ஆறாம் நாள் படுத்துவிட்டது. அதைப் புதைத்தது நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் ஒரு இடத்திலும் சொல்லப்போவதில்லை.

ஏழு தண்ணீர் முடிந்தாலும் கடைசிச் சொல் கையுடையது. இது எங்கள் வாடிகளில் இருக்கிற முறை. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் ஈர வேர்த்துண்டு ஒன்றை முன்னங்கையின் உள்பக்கத்தில் வைத்துச் சீலையால் கட்டுவது. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அவிழ்ப்பது. தோல் வெள்ளையாக இருந்தால் சாக்குக் கட்டலாம். சிவந்திருந்தால் எட்டாவது தண்ணீர். எல்லாக் கையும் இதற்குச் சரிவராது. என் கை எருமைத் தோல், நெருப்பை வைத்தாலும் யோசித்துத்தான் சிவக்கும். ஸுஹைராவின் கைதான் எங்கள் வாடியின் கை. பாலாடை மாதிரித் தோல், அதற்குள் ஒரு பொய்யும் ஒளிக்க ஏலாது. நாக்கு அதை விடப் பொல்லாதது. காய்ந்த துண்டை நாக்கு நுனியில் தொட்டுவிட்டு, "இது அஞ்சாந் தண்ணி, ஆறு இன்னம் ஊத்தல்ல" என்பாள். சரியாகவே இருக்கும்.

அவள் புருஷன் றிப்னாஸ் களப்பில் இறால் பிடிக்கிறவர். ஒரே மகள் நஸ்ஹா, உயர்தரம் படிக்கிறாள். ஸுஹைரா பதினொரு வருடம் என்னிடம் வேலை செய்தாள். முன்னங்கையில் பழைய தழும்புகள் வரிசையாக இருக்கும். பெருநாளைக்குப் பெண்டுகள் கையைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது தன் கையையும் நீட்டுவாள்.

"ஒங்களுக்கு மருதோண்டி, எனக்கு வேர். ஒங்கட பத்து நாள்ல போயிரும், என்டது கபுருக் குழிக்கும் வரும்."

இப்படிக் கதைக்கிறவளைக் கட்டி மேய்ப்பது சுகம் என்று நினைக்காதீர்கள். ஆனால் எனக்குப் பிடிக்கும். நானும் பகட்டைக் கண்டால் ஊசியைத் தேடுகிறவன்.

பகட்டு ஒரு வெள்ளை வேனில் வந்தது. எங்கள் வேரை வாங்கி மருந்து செய்கிற கொழும்புக் கம்பனியின் ஆய்வுத் தலைவர், கலாநிதி முபாரிஸ். கலாநிதி என்ற பட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொன்னால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். எங்கள் வாடிப் பெண்டுகள் பதினாலு பேரையும் தென்னைமர நிழலில் இருத்தி, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டில் சீலையைக் கட்டி, படம் காட்டினார். கச்சான் அந்தச் சீலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் சிவப்பு லேசர்ப் புள்ளியை விடாமல் ஓட்டினார். ஒரு தடவை அது ஸுஹைராவின் நெற்றியில் நின்றது.

சாரம் இதுதான். வேரில் பிளம்பாஜின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மருந்து வேலை செய்வது அதனால். அது எத்தனை வீதம் இருக்கிறது என்பதைக் கம்பனியின் மெசின் சொல்லும். ஒன்று தசம் எட்டுக்குக் கீழே இருந்தால் சரக்கு திரும்பும். எங்கள் ஏழு தண்ணீர் வேர் பூச்சியம் தசம் மூன்று.

"நீங்கள் மருந்தைக் கழுவி மண்ணில் ஊற்றுகிறீர்கள்," என்றார் கலாநிதி. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஸுஹைரா கையைத் தூக்கினாள். "சேர், மண்ணுல ஊத்துறது நஞ்சி தானே?"

"இரண்டும் ஒரே பொருள் தங்கச்சி. மிச்சத்தை எங்கள் ஃபெக்டரி பார்த்துக்கொள்ளும்."

"அப்ப சாக்குச் சீட்டுல 'சுத்தி செய்யப்பட்டது' எண்டு எங்களுக்கு என்னத்துக்கு எழுதச் செல்றீங்க?"

கலாநிதி நேரத்தைப் பார்த்தார். கலாநிதிமாருக்கு அது ஒரு பதில். கம்பனிக்குச் சீட்டில் சுத்தியும் வேண்டும், மெசினில் காரமும் வேண்டும். குளித்தும் இருக்க வேண்டும், நனைந்தும் இருக்கக் கூடாது. இதை அவர்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்த ஏலாது, ஏனென்றால் விளங்கினால் அவர்களுக்கு வேலை இல்லை.

மூன்று லொறிச் சரக்கு திரும்பி வந்தது. பிறகு ஒரு கடிதம். இன்னொரு தடவை வீதம் குறைந்தால் வாடியை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகவும், ஒரு மாதத்துக்குள் நான் எழும்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. காணி கம்பனி எடுத்துத் தந்த காணி. நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்ப வேண்டும்.

சேர், நீங்கள் எப்போதாவது எழும்பியிருக்கிறீர்களா? பதினாலு வயதில் நான் வீட்டை விட்டு வரும்போது உம்மா சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, மூடி, மூடிக்கு மேலே கல் வைத்தா. பூனை தட்டிவிடும் என்று. திரும்பி வந்து சாப்பிடுகிற நினைப்பு. அந்தப் பானை அங்கேயே இருக்கிறது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். முகாமில் ஒன்பது வருடம் ஓலைக் குடிசை. ஒரு இடத்தில் என் பெயரை ஒரு பலகையில் எழுதி ஆணி அடிக்க எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த ஆணியை நானே பிடுங்குவதை விட எதுவும் செய்யலாம் என்று நினைத்தேன். எதுவும் என்பது எவ்வளவு நீளமான சொல் என்று அப்போது அளந்து பார்க்கவில்லை.

ஸுஹைரா என்னை அண்ணன் முறை வைத்து நானா என்பாள். அவளிடம் முதலில் நேர்மையாகத்தான் கேட்டேன்.

"மூணு தண்ணியோட நிப்பாட்டுவமா தங்கச்சி?"

"தண்ணி செவந்து ஈக்கக்குள்ள என்ட கைய நீட்டச் செல்றீங்களா நானா?"

"ஒங்கட கைய விட வாடி பெரிசு."

"அப்ப வாடிய நீட்டுங்க."

மற்றப் பெண்டுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதில் என்றால் யார் சொன்னாலும் ரசிப்பேன்.

அடுத்த கிழமை அவளுக்குப் பதவி கொடுத்தேன். 'தரப் பரிசோதனைப் பொறுப்பாளர்.' தனி மேசை, கதிரை, பெரிய பொக்கெட் வைத்த வெள்ளைக் கோட்டு. தொட்டிப் பக்கம் இனிப் போக வேண்டாம், முதுகு நோகும், வேரை நானே கொண்டு வந்து தருகிறேன் என்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"இதப் போட்டா மீங்காரியும் டொக்டர் தானே நானா?" என்றாள். சிரித்தாலும் அதைக் கழற்றவில்லை. அன்றைக்கு வீட்டுக்கும் அதோடுதான் போனாள். ஊசி வைத்திருக்கிற ஆளுக்கும் ஒரு கோட்டு போதும் என்று நான் அப்போது கண்டுகொண்டேன்.

தொட்டிகளைப் பின்வளவுக்கு மாற்றித் தகரவேலி அடைத்தேன், மிச்சத் தண்ணீர்களை இரவில் நானே மாற்றுவதாகப் பெண்டுகளுக்குச் சொன்னேன். ஒரே ஒரு தண்ணீர். அதுவும் சீட்டில் பொய் இருக்கக் கூடாது என்பதற்காக. சுத்தி என்று எழுதினால் ஒரு தடவையாவது சுத்தி நடந்திருக்க வேண்டுமே. உலர்ந்த பின் சிப்பிச் சுண்ணாம்புத் தூளில் புரட்டினால் ஏழு தண்ணீர் வேரின் சாம்பல் நிறம் வந்துவிடும். தொட்டியில் வேலை செய்கிற பெண்டுகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் அவர்களுடைய கை கதை சொல்லிவிடும். கம்பனிச் சஞ்சிகையில் அந்தக் கையுறைகளின் படம் வந்தது, 'தொழிலாளர் நலனில் முன்மாதிரி' என்று.

பழைய ஏழு தண்ணீர் வேரில் ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. அதை என் கந்தோர் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு அஸருக்கும் அதிலிருந்து இரண்டு துண்டை நனைத்து, ஒரு பீரிசுத் தட்டில் வைத்து ஸுஹைராவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் பிஸ்மி சொல்லிக் கையில் கட்டுவாள். மஃரிபுக்கு அவிழ்ப்பாள். தோல் வெள்ளையாக இருக்கும். சீட்டில் 'பரிசோதித்தவர்: ஸுஹைரா' என்று வடிவான எழுத்தில் கையெழுத்து வைப்பாள். அந்தச் சீட்டைப் பின்வளவுச் சாக்குகளில் நான் கட்டுவேன்.

கவனியுங்கள் சேர், அவள் ஒரு நாளும் பொய் எழுதவில்லை. அவள் கையும் பொய் சொல்லவில்லை. மெசினும் பொய் சொல்லவில்லை. இரண்டு தசம் ஒன்று என்றது. எல்லாரும் உண்மையே சொன்னார்கள். நான் உண்மைகளை வேறு வேறு சாக்கில் போட்டேன், அவ்வளவுதான். பித்தளைத் தகடு வந்தது. கலாநிதி என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "பார்த்தீர்களா, விஞ்ஞானத்துக்குச் செவி கொடுத்தால்!" என்றார்.

கார்த்திகை மழையோடு செய்திகள் வரத் தொடங்கின. சிலாபத்தில் கம்பனி மருந்து குடித்த ஒரு இளைப்பாறின பாடசாலை அதிபர், வாய் முழுக்கப் புண். முன்னேஸ்வரத்தில் கோயில் வாசலில் பூ விற்கிற ஒரு அம்மா, வயிற்றால் இரத்தம். வயதான ஆட்களுக்கு இதெல்லாம் வரும். அந்த மருந்து குடிக்காதவர்களுக்கும் வருகிறது. மூன்றாவது ஆள் எலுவன்குளத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. முழங்கால் வீக்கத்துக்கென்று மாமியார் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஐந்து மாதம். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதித்தான் இருந்தது. எழுத்து கொஞ்சம் சிறிது. சுத்தி செய்த வேரானாலும் குடித்திருக்கக் கூடாது. அதனால் அந்தப் பிள்ளையை என் கணக்கில் முழுவதுமாகச் சேர்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தார்கள். கலாநிதியும் இன்னும் இரண்டு பேரும். மேசைக்குத் துணி விரித்து, தண்ணீர்ப் போத்தல் வைத்து, என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார்கள். ஸுஹைராவை எதிரே நிற்கவைத்தார்கள். கையில் அவளுடைய சீட்டுகள், ஒரு கட்டு.

"உங்கள் பரிசோதனைக் கருவி எது?" என்று கேட்டார் ஒருவர்.

அவள் கோட்டுக் கையை முழங்கை வரை தூக்கிக் காட்டினாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனையை மூடினார்.

"அந்தக் கருவிதான் பிழைவிட்டிருக்கிறது," என்றார் கலாநிதி. "எங்கள் பக்கத்தில் எல்லாம் சரி. சுத்தி செய்தாயிற்று என்று இந்தப் பெண் உறுதி தந்திருக்கிறார். நாங்கள் அதை நம்பினோம். அறிக்கையில் அப்படித்தான் வரும்."

ஸுஹைரா தூக்கிய கையை இறக்காமலே மேசைக்குக் கிட்ட வந்தாள். 

"கலாநிதி சேர், ஒங்கட மெசின் பொய் செல்லுமா?"

"சொல்லாது."

"என்ட கையும் செல்லாது. அந்த மனுசருக்கு வாய் வெந்தது என்ட வேரால இல்ல. என்ட பேர் உள்ள சாக்கு ஒண்டு கொண்டு வாங்க. நான் குடிச்சிக் காட்டுறன்."

சாக்கை நான்தான் கொண்டுவந்தேன். என் வாடியில் சாக்குத் தூக்குவது என் வேலை. சீட்டைத் தானே பார்த்து, கட்டைத் தானே அவிழ்த்து, இரண்டு கை அள்ளினாள். கோபத்தில் அள்ளினாள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் ஒரு துண்டை நாக்கில் தொட்டுப் பார்த்திருப்பாள். ஒரு கை வேரைச் சட்டியில் போட்டாள், மிச்சத்தைக் கோட்டுப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டாள். எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைக்க வேண்டும். முறை அது. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஆகும்.

"இதெல்லாம் விஞ்ஞான ரீதியானது அல்ல," என்றார் கலாநிதி. பக்கத்தில் இருந்தவரிடம், "நாங்கள் குடிக்கச் சொல்லவில்லை என்று குறிப்பில் போடுங்கள்," என்றார். பிறகு ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.

அந்த ஒரு மணித்தியாலம் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். நாலு தடவை விறகு கொண்டுவந்து வைத்தேன். வெயில் திரும்பியதும் கதிரைகளை நிழலுக்கு மாற்றினேன். வேலிக்கு வெளியே நின்ற கழுதையைக் கல்லால் எறிந்து துரத்தினேன். ஒரு தடவை அடுப்படிக்குப் போய், கால் தவறினது மாதிரிச் சட்டியைத் தட்டிவிடலாம் என்று பார்த்தேன். தட்டினால் இன்னொரு கை வேரைப் போடுவாள், சாக்கு அங்கேயே இருந்தது. ஆகவே அது பிரயோசனமில்லாத வேலை. 'இது ஒரு தண்ணி வேர்' என்று சொல்லலாம். நாலு சொல். நாலு சொல்லையும் நாக்கில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். வாடிப் படலையில் என் பெயர்ப் பலகை தெரிந்தது. பலகையைப் பார்த்தால் சொல் பின்னால் போகும், அவளைப் பார்த்தால் முன்னால் வரும். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  அல்லாஹ்வே, இந்தத் தண்ணீர் வற்றாமல் போகட்டும் என்று துஆக் கேட்டேன். நம்புங்கள், மனம் உருகித்தான் கேட்டேன்.

ஸுஹைரா அடுப்பை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்க நானா. வாடிய விட்டு ஒங்கள எழுப்ப ஏலா. நான் ஈக்கிறேன் தானே."

கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் ஒரு வாய் குடிங்களேன், நம்மட வேர் தானே," என்றாள்.

"எனக்கு இண்டைக்கு நோன்பு தங்கச்சி."

"ஓம், திங்கக்கிழம நோன்பு தானே. அல்லாஹ் கபூலாக்கட்டும்."

காலையில் நான் பாணும் பருப்பும் சாப்பிட்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்திலிருந்து மஃரிப் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூட என் வாயில் படவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து நாக்கு வறண்டபோதும் குடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கிற நோன்பு செல்லாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் ஒரு பொய்யை அப்படியே பொய்யாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கசாயம் வற்றியது. அவள் குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்து மேசைத் துணியில் வைத்து, ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று கலாநிதிக்குக் காட்டினாள். பெண்டுகள் கை தட்டினார்கள். பிறகு அவள் கை தொண்டைக்குப் போனது. தன் முன்னங்கையைப் பார்த்தாள், மேசையில் இருந்த வெறும் பீரிசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நானா," என்றாள், "இவ்வளவு நாளும் என்ட கையில வெச்சது எது?"

"இதே வேர்தான் தங்கச்சி," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. கதைக்க ஏலாமலும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் வேனில். அங்கே டொக்டர் என்ன குடித்தது என்று கேட்டார். சாக்குச் சீட்டில் இருந்ததைச் சொன்னேன், சுத்தி செய்யப்பட்ட வேர் என்று. அவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நாலாம் நாள் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது மௌத்தானாள். சந்தூக்குப் பெட்டியின் ஒரு மூலையை நான்தான் பிடித்தேன். றிப்னாஸ் என் கையைப் பிடித்து அழுதார். "அவட பிடிவாதம் நானா, ஒங்கள்ல பிழை இல்ல," என்றார். நான் மறுத்துக் கதைக்கவில்லை. துக்கத்தில் இருக்கிற மனிதரோடு தர்க்கம் செய்வது அழகில்லை.

கம்பனி அறிக்கையில் பரிசோதகரின் கவனக்குறைவு என்று வந்தது. பள்ளிவாசலில் ஆட்கள் அவளைப் பற்றிக் கதைத்தார்கள், எத்தனை பேருடைய வயிற்றை வேகவைத்தவள் என்று. ஒரு கூட்டத்தில் நானும் நின்றேன். மையித்தைப் பற்றிக் கெட்டது கதைக்கக் கூடாது என்று சொல்லி அதை நிறுத்தினேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு நஸ்ஹா உம்மாவின் உடுப்புகளைத் தோய்க்க எடுத்திருக்கிறாள். நான் கொடுத்த வெள்ளைக் கோட்டின் பொக்கெட்டில் ஒரு கைப்பிடி வேர். அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்தச் சாக்கை எரித்துவிட்டேன், சட்டியைக் களப்பில் போட்டேன், கோட்டை மறந்துவிட்டேன். பகட்டுக்கென்று கொடுத்த சாமான் கடைசியில் ஒரு வேலை செய்தது. அந்தப் பிள்ளை ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னதும் ஒரு துண்டை நனைத்துத் தன் கையில் கட்டியிருக்கிறாள். உம்மாவின் தோல்தான் அவளுக்கும். மஃரிப் வரைக்கும் அவிழ்க்கவில்லையாம். எப்படிப் பொறுத்தாளோ. இங்கே உங்களுக்கு அந்தக் கையைக் காட்டியபோது என்ன சொன்னாள் என்று வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள் எனக்குச் சொன்னார். "உம்மாட கை பொய் செல்லல்ல. அவட கையில வேற வேர் வெச்சிருக்காங்க." கலாநிதிக்கு மெசின் இருந்தும் வராத அறிவு.

எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அலுமாரியைப் பூட்டின திறப்பு இதோ, மேசையில் வைக்கிறேன். அந்தப் பழைய சாக்கில் இன்னும் கால்வாசி இருக்கிறது. நல்ல வேர். வீணாக்காமல் யாருக்காவது கொடுக்கலாம்.

ஓம், நீங்கள் முதலிலேயே கேட்ட கேள்வி. கோப்பையை யார் கொடுத்தது?

நான்தான்.

ஸுஹைரா எதையும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறவள், சேர். தேத்தண்ணி என்றாலும் சூட்டோடு ஒரு உறிஞ்சு, நாக்கில் ஒரு உருட்டு, பிறகுதான் அடுத்தது. அன்றைக்கும் சட்டியை இறக்கியதும் அப்படியே வாயில் வைக்கப் போனாள். நான் ஓடிப்போய் வாங்கினேன். இன்னொரு கோப்பை எடுத்து, அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்குமாக ஆற்றினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. "இப்ப சரி தங்கச்சி, ஒரே மூச்சில குடிங்க," என்று கையில் கொடுத்தேன். அல்லாஹ் நன்மை தரட்டும் என்று அவள் எனக்கு ஜஸாகல்லாஹ் சொன்னாள்.

எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதையும் எழுதுங்கள். பாவம், அவளுக்கு நாக்கு சுட்டுவிடக் கூடாதே என்றுதான் ஆற்றிக் கொடுத்தேன்.